லாக் தகட்டில் ‘டவர்’ என்று இருக்கிறது: எங்கள் வீட்டுத் துப்பாக்கியைச் செய்தது யார்?

கேள்வி: எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. நீளம் நாலரை அடிக்குக் கொஞ்சம் மேல். குழலையும் கட்டையையும் மூன்று இரும்புப் பட்டைகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. பக்கவாட்டுத் தகட்டில் ஒரு கிரீடம், அதன் அடியில் ‘வி.ஆர்.’ என்ற ஆங்கில எழுத்துகள், தகட்டின் முன்பகுதியில் ‘டவர்’ என்ற சொல், 1860 என்ற எண். குறி பார்க்கக் குழலின் பின்பக்கம் இருக்கும் பின்குறி ஒரு சின்ன இரும்புக் கட்டி, நடுவில் ஒரு வெட்டு. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன்; கோடு எதுவும் தெரியவில்லை. மருது சகோதரர்கள் காலத்து ரைபிள் என்று பெரியப்பா சொல்கிறார். டவர் என்பது கம்பெனி பெயரா? இது எவ்வளவு பழசு? அப்பா பெயரில் லைசென்ஸ் இருந்தது. அவர் போன வருடம் தவறிவிட்டார்.

பதில்: டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. உள்ளே மருந்து இல்லை என்று உறுதியாகும்வரை இந்தத் துப்பாக்கியின் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். இந்த வகைத் துப்பாக்கியைக் கெட்டித்த நிலையிலேயே மூலையில் சாத்தி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். பன்றி வந்தால் உடனே எடுக்க வேண்டுமே. அப்புறம் வைத்தவர் போய்விடுவார், மருந்து உள்ளேயே கிடக்கும். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் ஆனாலும் பற்றிக்கொள்ளும்.

சோதிப்பது எளிது. முதலில் குதிரைக்கு, அதாவது விசையை இழுத்தால் வந்து தட்டும் சுத்திக்கு, அடியில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னக் குழாயைப் பாருங்கள். அதன்மேல் செம்புக் கேப்பு, அதாவது தட்டினால் வெடிக்கும் மருந்து வைத்த சின்ன மூடி, எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. பிறகு நேரான ஒரு மரக்குச்சியை வாய்வழியாக அடிவரை மெதுவாக விடுங்கள். உங்கள் முகமும் உடம்பும் குழலின் நேர்க்கோட்டுக்கு வெளியே இருக்கட்டும். வாயின் விளிம்பு வரும் இடத்தில் குச்சியில் ஒரு கோடு போட்டு, வெளியே எடுத்து, குழலின் மேல் அதே அளவுக்கு வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி நிப்பிளின் அருகே வந்து நிற்க வேண்டும். நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக்கூடாகவும் இருக்கலாம், மருந்தும் குண்டுமாகவும் இருக்கலாம். எதுவென்று நீங்கள் தோண்டிப் பார்க்க வேண்டாம். சூடுபடுத்தவும் வேண்டாம். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் அதை எடுக்கத் தெரிந்தவர் இருப்பார்.

அந்தக் கடைக்கு நீங்கள் எப்படியும் போகத்தான் வேண்டும். அப்பா தவறியதோடு அவர் பெயரில் இருந்த லைசென்ஸும் முடிந்தது. பழைய பொருள்தானே, இதற்கு எதற்கு லைசென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழைய மாதிரி ஆயுதங்களுக்கும் தொல்பொருள் மதிப்புள்ளவற்றுக்கும் விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும்கூட இனி சுடவே முடியாது என்ற நிலையில் இருந்தால் மட்டும்தான் அந்த விலக்கு. உங்களுடையதில் குதிரை இருக்கிறது, நிப்பிள் இருக்கிறது, குழல் முழுசாக இருக்கிறது, விலக்கு பொருந்தாது. தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதன் பிறகு வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். தேர்தல் வந்தால் அப்பா துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியிருப்பார். அந்த ரசீதுகள் பெட்டியில் கிடந்தால் எடுத்து வையுங்கள். துப்பாக்கியின் எண்ணும் வகையும் அதில் இருக்கும். ‘எஸ்.பி.எம்.எல்.’ என்று எழுதியிருந்தால் ஒற்றைக்குழல், வாய்வழி கெட்டிப்பது என்று பொருள்.

கடையில் ஒப்படைப்பதில் ஒரு வசதி உண்டு. கீழே நான் சொல்லப்போகும் சோதனைகளுக்குத் தேவையான வெர்னியர் என்ற நுண்ணிய அளவுகோலும் சரியான திருப்புளியும் அங்கேயே இருக்கும்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

பெரியப்பா சொல்வது நடக்க முடியாத காரியம். மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அன்று இந்த மண்ணில் இருந்தவை திரியைக் கொளுத்திச் சுடும் துப்பாக்கிகளும், சிக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி தெறிக்கும் துப்பாக்கிகளும்தான். உங்களுடையது கேப்பு வைத்துச் சுடுவது. தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தலாம் என்று அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் காப்புரிமை வாங்கியதே 1807-இல். செம்புக் கேப்பு பரவலானது 1820-களில். பிரிட்டிஷ் ராணுவம் அதற்கு மாறியது 1830-களின் கடைசியில்.

‘பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கியைப் பிறகு கேப்புக்கு மாற்றியிருக்கலாமே’ என்று பெரியப்பா கேட்டால், அது நல்ல கேள்வி. அப்படி மாற்றியவை நிறைய உண்டு. அவற்றின் தகட்டில், மருந்துக் கிண்ணமும் வில்லும் இருந்த இடத்தில் திருகுத் துளைகளை அடைத்த வட்டத் தழும்புகள் தெரியும். தவிரவும், கும்பினியார் படைகள் ஏந்திய ‘பிரவுன் பெஸ்’ மஸ்கட்டில் குழலைக் கட்டையோடு பிடித்திருப்பது குறுக்கே செருகிய ஆணிகள். பட்டை போட்டுப் பிடிக்கும் வழக்கம் அதில் இல்லை. உங்கள் துப்பாக்கியின் மூன்று இரும்புப் பட்டைகளே அதன் குலத்தைச் சொல்லிவிடுகின்றன: 1853 மாதிரி என்ஃபீல்டு. குழல் 39 அங்குலம், மொத்த நீளம் 55 அங்குலம், அதாவது நாலு அடி ஏழு அங்குலம். நீங்கள் சொன்ன ‘நாலரை அடிக்குக் கொஞ்சம் மேல்’ கச்சிதமாகப் பொருந்துகிறது. அடித்தகடும் விசைக் காப்பும் நுனித் தொப்பியும் பித்தளையாக இருந்தால் சந்தேகமே இல்லை.

இப்போது ‘டவர்’. இது கம்பெனி பெயர் இல்லை. எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான். லண்டன் டவர் என்ற பழைய கோட்டைதான் அந்த டவர். அரசின் ஆயுதத் துறை அங்கே இருந்தது. 1764-க்கு முன்னால் லாக் தகட்டில், அதாவது நீங்கள் சொன்ன பக்கவாட்டுத் தகட்டில், செய்தவர் பெயரையும் ஆண்டையும் வெட்டுவார்கள்; பிறகு அதை நிறுத்திவிட்டு ‘டவர்’ என்று மட்டும் போட ஆரம்பித்தார்கள். 1850-கள், 60-களில் அந்தச் சொல் பெரும்பாலும் பர்மிங்ஹாம் நகரத்து ஒப்பந்தக்காரர்கள் செய்த துப்பாக்கிகளில் வருகிறது. அரசின் சொந்தத் தொழிற்சாலையில் செய்திருந்தால் ‘என்ஃபீல்டு’ என்று இருக்கும். லண்டன் ஆர்மரி கம்பெனி தன் பெயரின் சுருக்கத்தைப் போட்டது. ‘வின்ட்ஸர்’ என்று போட்டதும் உண்டு. அது இங்கிலாந்து அரண்மனை இருக்கும் ஊர் இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள சிற்றூர். ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் என்ற கம்பெனி அங்கே பிரிட்டனுக்காகச் செய்து கொடுத்தது.

கிரீடத்தின் அடியில் உள்ள ‘வி.ஆர்.’ ரொம்ப முக்கியம். விக்டோரியா ராணி என்பதன் சுருக்கம் அது. அரசுக்கென்று செய்தவற்றில்தான் அது வரும். வெறும் கிரீடமும் ‘டவர்’ என்ற சொல்லும் மட்டும் இருந்தால் அது வியாபாரத்துக்குச் செய்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு தரப்பும் இங்கிலாந்திலிருந்து லட்சக்கணக்கில் வாங்கிக் குவித்தது அந்த வகையைத்தான்.

ஆக, உங்களுடையது 1860-இல் பிரிட்டிஷ் அரசுக்காக பர்மிங்ஹாமில் செய்த என்ஃபீல்டு குடும்பத்துத் துப்பாக்கி. இதுவரை நேர்வழி. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை வேறு இரண்டு வரிகள்: உள்ளே கோடு இல்லை, பின்குறி சின்ன இரும்புக் கட்டி.

1853 மாதிரி என்பது ரைபிள். அதன் குழலுக்குள் மூன்று காடிகள், அதாவது நீளப் பள்ளங்கள், திருகாக ஓடும். குண்டு அந்தக் காடியைப் பிடித்துச் சுழன்றுகொண்டே வெளியேறுவதால்தான் தூரத்துக் குறி தப்பாது. அந்தத் தூரத்துக்கு ஏற்ப உயர்த்தித் தாழ்த்த, அளவு பொறித்த ஏணி போன்ற மடக்குப் பின்குறி வைத்திருப்பார்கள். உங்களுடையதில் காடியும் இல்லை, ஏணியும் இல்லை.

காரணம் 1857. கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னதும், மாடு, பன்றி என்ற பேச்சு பரவியதும், பாரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்ததும், மே மாதம் மீரட்டில் தொடங்கியதும் நமக்குப் பாடப்புத்தகத்திலிருந்தே தெரியும். அந்தத் தோட்டா இந்த 1853 மாதிரி என்ஃபீல்டுக்கானதுதான். கலகம் அடங்கிய பிறகு, இந்தியச் சிப்பாயின் கையில் வெள்ளைக்காரச் சிப்பாயின் ரைபிளுக்குச் சமமான ஆயுதத்தைத் தர அரசுக்கு மனம் வரவில்லை. அதற்காகவே 1858-இல் ஒரு மாதிரியை உருவாக்கினார்கள். வெளியே பார்த்தால் அச்சு அசல் என்ஃபீல்டு. உள்ளே காடி இல்லாத வழுக்குக் குழல். 0.577 அங்குலமாக இருந்த துளை 0.656 ஆனது. குறி வைக்க அசையாத ஒரு சின்னக் கட்டி போதும் என்று விட்டுவிட்டார்கள். குடைந்ததில் குழலின் சுவர் மெலிந்து போய் எளிதில் அடிபட்டது. அதனால் அடுத்த வருடமே கனத்த சுவருடன் 1859 மாதிரி வந்தது. உங்கள் 1860-க்கு இது சரியாகப் பொருந்துகிறது.

இதை நான் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும். அடிப்பதும் அணிவகுப்பதும் அதே துப்பாக்கியோடுதான். ஆனால் எந்தச் சிப்பாய் எவ்வளவு தூரம் சுடலாம் என்பதைக் குழலின் உட்புறத்திலேயே தீர்மானித்துவிட்டார்கள். பெரியப்பாவின் கதை போய்விட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் பொருளுக்கு அதைவிடக் குறையாத ஒரு கதை இருக்கிறது.

ஆனால் இன்னும் முடிவு கட்டவில்லை. ஏனென்றால் ராணுவம் கழித்துவிட்ட உண்மையான ரைபிள்களையும் பிற்காலத்தில் உள்ளூரில் குடைந்து, சிதறு ரவை போட்டுச் சுடும் துப்பாக்கியாக மாற்றியிருக்கிறார்கள். துருவேறி காடி மறைந்துபோனதும் உண்டு. மூன்றையும் பிரித்தறிய வெர்னியர் வேண்டும். வாயின் உள்விட்டம் 14.7 மில்லிமீட்டர் அருகே வந்தால் அது காடி தேய்ந்த ரைபிள். 16.7 அருகே வந்தால் இந்தியப் படைக்கான வழுக்குக் குழலாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்பகுதி தேய்ந்து அகன்றிருக்கும் என்பதால் ஒரே இடத்தில் அளக்காமல் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, குழலின் இடப்பக்கம், நிப்பிளுக்குப் பக்கத்தில், சின்னச் சின்ன முத்திரைகள் வரிசையாக இருக்கும். அங்கே ‘25’ என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதைத் தொடர் எண் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தத் துளைக்குச் சரியான உருண்டை எத்தனை வார்க்கலாம் என்ற பழைய கணக்கு அது. 25 என்றால் 0.577 அங்குலம். குழலில் 25 என்று குத்தியிருந்து, வெர்னியர் 16 மில்லிமீட்டருக்கு மேல் காட்டினால், அந்தக் குழல் ரைபிளாகப் பிறந்து பிறகு குடையப்பட்டது என்று தெரிந்துவிடும். ராணுவமே குடைந்ததா, உள்ளூர்க் கொல்லர் குடைந்ததா என்பதைப் பின்குறியின் வேலைப்பாடு சொல்லும். ஏணிக் குறியைப் பிடுங்கிய தழும்பும், கோணலாகப் பற்றவைத்த கட்டியும் இருந்தால் உள்ளூர் வேலை.

அதே வரிசையில் மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் குறி, கோழிக்கால் மாதிரி, இருக்கிறதா என்றும் பாருங்கள். அது பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான அம்புக்குறி. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால், அரசு அதைக் கழித்து வெளியே விற்றுவிட்டது என்று அர்த்தம். உங்கள் வீட்டுக்கு வந்த வழி அதுவாக இருக்கலாம். கிரீடத்தோடு குறுக்கே போட்ட இரண்டு செங்கோல்களும், அவற்றினிடையே ஆங்கில ‘பி.பி.சி.’ எழுத்துகளும் இருந்தால் 1813-இல் சட்டப்படி ஏற்பட்ட பர்மிங்ஹாம் சோதனைக் கூடத்தின் முத்திரை. வியாபாரக் குழல்களில் அது வரும். அப்படி இருந்தால், தகடு ஒரு துப்பாக்கியினுடையது, குழல் வேறொன்றினுடையது என்று சந்தேகிக்க வேண்டும். இதுபோல் ஒட்டுப்போட்டவை நிறைய உண்டு.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி: செய்தது யார்?

பர்மிங்ஹாமில் ஒரு துப்பாக்கியை ஒரே பட்டறை செய்யவில்லை. குழல் அடிப்பவர் ஒருவர், அதைக் குடைபவர் ஒருவர், லாக் செய்பவர் டார்லஸ்டனிலோ வெட்னஸ்பரியிலோ இருப்பார், கட்டை செதுக்குபவர் வேறு, பட்டையும் திருகும் அறுப்பவர் வேறு. எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து, அராவிப் பொருத்தி, அரசிடம் ஒப்படைப்பவர்தான் ஒப்பந்தக்காரர். தாமஸ் டர்னர், ஸ்வின்பர்ன், ஹாலிஸ் அண்ட் ஷீத் போன்றவர்கள் அப்படிப்பட்டவர்கள். வெளியே இவர்கள் பெயர் வராது, கழற்றினால்தான் வரும்.

கழற்றுவதைக் கடைக்காரரே செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுங்கள். குதிரையைப் பாதி இழுத்த நிலையில் நிறுத்தி, இடப்பக்கமிருந்து வரும் இரண்டு நீளத் திருகுகளைச் சில சுற்றுத் தளர்த்தி, அவற்றின் தலையில் மரச்சுத்தியால் லேசாகத் தட்டினால் லாக் தகடு தானே வெளியே வரும். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினால் கட்டையின் ஓரம் சிம்பாகப் பெயர்ந்துவிடும்; நான் பார்த்த துப்பாக்கிகளில் பாதிக்கு இந்தக் காயம் உண்டு. தகட்டின் உட்புறத்தில் லாக் செய்தவர் பெயரோ எழுத்துகளோ இருக்கும். ஜோசப் பிரேஸியர் என்ற வுல்வர்ஹாம்ப்டன்காரரின் பெயர் அப்படி வந்தால் மகிழ்ச்சியடையுங்கள், நல்ல கை. பிறகு கெட்டிக்கும் கம்பியை உருவி, பட்டைகளைத் தளர்த்தி முன்னால் நகர்த்தி, பின்வாலில் இருக்கும் திருகை எடுத்தால் குழல் மேலே வந்துவிடும். அதன் அடிப்புறம்தான் பொக்கிஷம். நூற்றறுபது வருடம் வெளிச்சம் படாத அந்த இடத்தில் குழல் செய்தவர் பெயர், ஒப்பந்தக்காரர் பெயர், பொருத்தியவரின் அரத்தால் கீறிய கோடுகள் எல்லாம் நேற்றுப் போட்டது மாதிரி இருக்கும். அதே கீறல்கள், அதே எண்ணிக்கையில், திருகுகளிலும் பட்டைகளிலும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இருந்தால் அந்தப் பாகங்கள் ஒன்றாகப் பிறந்தவை. கடைசியாக, கம்பி போகும் மரக் காடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கட்டையிலும் பெயர் குத்தியிருப்பார்கள்.

எழுத்து மங்கலாக இருந்தால் டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், தகட்டோடு படுக்கவைத்து அடியுங்கள். அல்லது மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேயுங்கள். ஆயுத பூஜைக்கு வருடா வருடம் சந்தனம் வைத்திருந்தால் அது எழுத்துக் குழிகளில் காய்ந்து இறுகியிருக்கும். ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். உப்புத்தாள் கூடவே கூடாது. புளி போட்டுத் தேய்ப்பதும் கூடாது. ஒரு வீட்டில், நான் வருகிறேன் என்று தெரிந்து அன்பாகத் துப்பாக்கியைத் தேய்த்து வைத்திருந்தார்கள். பித்தளை தங்கமாக மின்னியது, குழல் வெள்ளிக் கம்பி மாதிரி பளபளத்தது. முத்திரை இருந்த இடத்தில் ஒரு கிரீடத்தின் மேல் நுனி மட்டும் மிச்சம். அந்தத் துப்பாக்கியைச் செய்தவர் யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தவிர, துப்பாக்கியில் குத்திய பெயரையும் எண்ணையும் அழிப்பதை ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவே தடுக்கிறது.

இரண்டு விஷயங்களில் ஏமாந்துவிடாதீர்கள். குழலின் மேலே கோணல்மாணலாக, ஒவ்வொரு இலக்கமாகக் குத்திய எண் இருந்தால் அது பெரும்பாலும் இங்கே லைசென்ஸுக்காகப் போட்டது. அப்பாவின் ரசீதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இன்னொன்று, ஆங்கிலத் துப்பாக்கிகளைப் பார்த்து இந்த நாட்டிலேயே செய்த நகல்கள். பீகாரில் முங்கேர் அதற்குப் பேர்போன ஊர். வடமேற்கு எல்லைப் பக்கமும் செய்தார்கள். நகல்களில் ‘டவர்’ என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகள் ஒன்று ஏறி ஒன்று இறங்கி நிற்கும், ஓர் எழுத்து திரும்பியே இருக்கும், கிரீடம் பூச்சட்டி மாதிரி இருக்கும். நகலாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அதுவும் ஒரு கொல்லரின் கைவேலைதான். ஆனால் என்ஃபீல்டு என்று சொல்லி விற்கக் கூடாது.

விலை கேட்கவில்லை, ஆனாலும் யாராவது வந்து கேட்பார்கள். லைசென்ஸ் இல்லாமல் கைமாற்றுவது குற்றம். நூறு ஆண்டு தாண்டியது என்பதால் 1972 தொல்பொருள் சட்டப்படி இதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. வெளிநாட்டில் இதற்கு இவ்வளவு கிடைக்கும் என்று ஒருவர் ஆசை காட்டினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

குழலைக் கழற்றியதும் அடிப்புறம், லாக் தகட்டின் உட்புறம், நிப்பிளுக்கு இடப்பக்கத்து முத்திரை வரிசை, இந்த மூன்று போட்டோக்களையும் வெர்னியர் அளவையும் அனுப்புங்கள். ஒப்பந்தக்காரர் பெயரைச் சேர்த்தே படித்துவிடலாம். பெரியப்பாவை ஒருநாள் சென்னைக்கு அழைத்து வாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதக் கொட்டிலிலிருந்து வந்தவை இருக்கின்றன. மருதிருவர் காலத்து ஆட்கள் எந்த மாதிரி ஆயுதங்களைத் தூக்கியிருப்பார்கள் என்பதை அங்கே அவர் கண்ணாலேயே பார்க்கலாம்.